குடல் அழற்சி நோய்க்கு உங்கள் அளவுக்கு வைத்தியம் வாங்குவது எப்படி

கேஸ்ட்ரோ ஓபியில் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன மாத்திரை கொடுத்திருக்காங்க?" சொன்னதும் தன் சீட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். உங்களுக்கு ஊசி, அவருக்கு மாத்திரை என்றால் முகம் வாடிவிடும், தனக்கு மட்டும் ஏதோ குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று. நானும் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தவன்தான். 2018-ல் எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று சொன்னார்கள். அதற்கப்புறம் பக்கத்து நாற்காலிக்காரரின் சீட்டு எனக்கு எந்த விதத்திலும் உதவாது என்று புரிய இரண்டு வருடமும் என் தலைமுடியும் செலவாயின. முடிக் கதை கீழே வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஐபிஎஸ் (எரிச்சல் குடல், IBS) வேறு, ஐபிடி (குடல் அழற்சி நோய், IBD) வேறு. ஐபிஎஸ்ஸில் குடல் தொந்தரவு செய்யும், ஆனால் உள்ளே புண் இருக்காது. ஐபிடியில் புண் இருக்கும், ரத்தம் வரும், எடை குறையும், கேமரா விட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். பெருங்குடலில் மட்டும் வருகிற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குடலில் எங்கேயும் வரக்கூடிய கிரோன்ஸ் என்று இரண்டு பெரிய வகை. இது ஐபிடிக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டில் ஃபைல் சுமக்கிறவர்களுக்கும் எழுதுவது.

ஆளுக்கேற்ற மருத்துவம் என்றதும் எச்சில் எடுத்துக் கூரியரில் அனுப்பி, வண்ணவண்ணமாய் ரிப்போர்ட் வாங்குவது என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. ஐபிடியில் இன்றைக்கு உண்மையில் வேலை செய்கிற ஆளுக்கேற்ற மருத்துவம் அதைவிடச் சாதாரணமானது: நோய் எங்கே இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட மருந்தை உங்கள் உடம்பு தாங்குமா, உங்கள் மோஷன் டெஸ்டில் உங்களுக்கு வழக்கமான எண் என்ன, போடுகிற ஊசி ரத்தத்தில் எவ்வளவு நிற்கிறது, உங்கள் வயது என்ன, குழந்தை வேண்டுமா, பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது. எந்த டெஸ்டுக்கும் பணம் கட்டும் முன் நான் கேட்பது ஒரே கேள்வி: ரிசல்ட் இப்படி வந்தால் ஒரு மருந்து, அப்படி வந்தால் இன்னொரு மருந்து என்று ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அந்த டெஸ்ட் எனக்கு வேண்டாம்.

ஃபைலின் முதல் பக்கம்

இரண்டு கிலோ ஃபைல் இருக்கும், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாது. எல்லா ரிப்போர்ட்டுக்கும் மேலே ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். அதில் முதல் வரியாக உங்கள் நோயின் முகவரி.

கொலைட்டிஸ் என்றால் எவ்வளவு தூரம் என்பது. 2005-ல் வந்த மான்ட்ரியல் வகைப்பாட்டை டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: மலக்குடலோடு நின்றால் இ1, இடப்பக்கக் குடல் வரை போனால் இ2, அதையும் தாண்டினால் இ3. கிரோன்ஸ் என்றால் இடத்தோடு அதன் குணமும் வேண்டும். சிறுகுடல் முடிவில் மட்டுமா (எல்1), பெருங்குடலா (எல்2), இரண்டிலுமா (எல்3). வெறும் அழற்சியா (பி1), குடல் சுருங்கிவிட்டதா (பி2), துளைத்துக்கொண்டு போய்ப் புரை வைத்திருக்கிறதா (பி3), ஆசனவாய்ப் பக்கம் பவுத்திரம் இருக்கிறதா. அடுத்த முறை போகும்போது, "எனக்கு இ எத்தனை டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு என்பதால் அவர் நிமிர்ந்து பார்ப்பார், சொல்லியும் விடுவார்.

இந்த ஓர் எழுத்தில் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். இ1 என்றால் வாய்வழி மாத்திரையைவிட ஆசனவாயில் வைக்கிற மெசலமைன் (குடல் அழற்சியைக் குறைக்கிற மருந்து) மாத்திரைதான் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் மருந்து நேராகப் புண்ணின் மேலேயே போய் உட்காருகிறது. இ2-வில் வாய்வழி மாத்திரையும் எனிமாவும் சேர்ந்தால், இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதைவிடப் பலன் அதிகம். ஆனால் நம் ஊரில் கீழ்வழி மருந்து என்றாலே கூச்சம். எழுதிக் கொடுத்ததை வாங்கி பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "மாத்திரை கேட்கவில்லை டாக்டர்" என்று போய் நிற்பவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் ஸ்டீராய்டு தொடங்கும். நானும் நாலு மாதம் அப்படித்தான் செய்தேன். இது இவ்வளவுதான்: ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை டாய்லெட் போய்விட்டு வாருங்கள், மாத்திரையின் நுனியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வலது முழங்காலை மடக்கி, விரல் கணு அளவுக்கு உள்ளே தள்ளிவிட்டு அப்படியே தூங்கிவிடுங்கள். முதல் வாரம் உடனே வெளியே வருகிற மாதிரி இருக்கும், அழற்சி குறையக் குறைய அதுவும் போய்விடும். பழைய பெட்ஷீட் போட்டுக்கொள்ளுங்கள், கறை படியும்.

கிரோன்ஸ் என்று சந்தேகப்படுகிற இடத்தில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: குடல் காசநோய். இரண்டுமே சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் புண் வைக்கும், இரண்டிலும் காய்ச்சல், எடை குறைவு, வயிற்று வலி. பயாப்சியிலும் பல நேரம் தெளிவாகத் தெரியாது. அமெரிக்க வெப்சைட்டைப் படித்துவிட்டு, "எனக்கு ஏன் உடனே ஊசி போடவில்லை?" என்று சண்டை போடாதீர்கள், காசநோய் இருக்கிற உடம்பில், டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளை அடக்குகிற ஊசி (இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் மாதிரி) போட்டால் அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற கதை. அதனால்தான் இந்தியாவில் சில பேருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் கொடுத்துவிட்டு மறந்துவிடக்கூடாது. கிரோன்ஸ் இருப்பவருக்கும் அந்த மருந்தில் கொஞ்ச நாள் வயிறு தேவலை போலத் தோன்றலாம், எனவே நன்றாக இருக்கிறது என்ற பேச்சை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கேமரா விட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறவில்லை என்றால் காசநோய் இல்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி. "மறு கொலோனோஸ்கோப்பி எப்போது?" என்று காசநோய் மருந்து தொடங்குகிற அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காசநோய் மருந்து சாப்பிடுகிற ஆறு மாதமும் கிரோன்ஸுக்கு மருந்தில்லாமல் போனால் குடல் சுருங்குவதற்கு நாமே நேரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

முடி கொட்டிய கதை, அதாவது என்யூடிடி15

2020-ல் எனக்கு ஸ்டீராய்டை நிறுத்த முடியவில்லை. 10 மில்லிகிராமுக்குக் கீழே இறக்கினால் ரத்தம். ஒரு தனியார் மருத்துவமனையில் அசதியோபிரின் (உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கிற மாத்திரை) எழுதினார்கள், நல்ல மருந்து, விலையும் குறைவு. மூன்றாவது வாரம் ஒரு காலை எழுந்து பார்த்தால் தலையணை உறை முழுக்க முடி. குளிக்கும்போது தலையில் கை வைத்தால் கையோடு கொத்தாக வந்தது, பாத்ரூம் ஜாலி அடைத்துக்கொண்டது. டென்ஷன் என்று நினைத்து இன்னும் ஐந்து நாள் மாத்திரையை விழுங்கினேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். ஆறாவது நாள் குளிர் காய்ச்சல். ரத்தம் எடுத்தால் வெள்ளையணு 1,400. சாதாரணமாக 4,000-க்கு மேல் இருக்க வேண்டியது. பன்னிரண்டு நாள் தனி அறை.

அப்புறம்தான் ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்தார்கள். என்யூடிடி15 என்ற ஜீனின் இரண்டு பிரதிகளுமே எனக்கு மாறியிருக்கின்றன. அசதியோபிரினும் அதன் தம்பியான மெர்காப்டோபியூரினும் உடம்பில் உண்டாக்குகிற வீரியப் பொருளைச் செயலிழக்கச் செய்வது இந்த ஜீன் தருகிற என்சைம். அது வேலை செய்யாவிட்டால் மருந்து எலும்பு மஜ்ஜையில் குவிந்து ரத்த அணு உற்பத்தியையே நிறுத்திவிடும். முடி கொத்தாகக் கொட்டுவதுதான் அதன் முதல் எச்சரிக்கை.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தகங்களில் இந்த மருந்துக்கு முன் டிபிஎம்டி என்ற வேறொரு டெஸ்ட்தான் பல வருடமாக எழுதியிருந்தது, ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதில்தான் கோளாறு. சுமார் 300 பேரில் ஒருவருக்கு அந்த என்சைம் முழுசாகவே இருக்காது. கொரியாவில் டிபிஎம்டி சரியாக இருப்பவர்களுக்கும் ஏன் வெள்ளையணு விழுகிறது என்று தேடித்தான் 2014-ல் என்யூடிடி15-ஐக் கண்டுபிடித்தார்கள். கிழக்கு ஆசியர்களிலும் நம்மைப் போன்ற தெற்காசியர்களிலும் இந்த மாற்றம் சகஜம். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஒரு பிரதியாவது மாறியிருக்கும். டிபிஎம்டி மட்டும் எடுத்துவிட்டு நார்மல் என்று நிம்மதியாக இருப்பது நம் ஆட்களுக்குச் சரிவராது.

ஆகவே அசதியோபிரின் என்ற பெயர் சீட்டில் வந்தால் செய்ய வேண்டியது: "என்யூடிடி15-ம் டிபிஎம்டியும் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா?" என்று கேளுங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை எடுக்கிற ரத்த டெஸ்ட். இரண்டும் நார்மல் என்றால் வழக்கமான அளவு, அதாவது ஒரு கிலோ எடைக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். ஒரு பிரதி மாறியிருந்தால் குறைந்த அளவில் தொடங்கி, எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். இரண்டுமே மாறியிருந்தால் குடல் நோய்க்கு இந்த மருந்தே வேண்டாம், வேறு பார்க்கலாம். ஜீன் நார்மல் என்றாலும் ரத்த எண்ணிக்கை டெஸ்டைக் கைவிடாதீர்கள், எல்லா வீழ்ச்சிக்கும் இந்த இரண்டு ஜீன் மட்டும் காரணமில்லை. முதல் மாதம் வாரா வாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எல்லாம் நிலையானதும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இதுதான் பொதுவான கணக்கு. யூரிக் ஆசிடுக்கு அலோபியூரினால் சாப்பிடுகிறவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் அசதியோபிரினின் வீரியம் பல மடங்கு ஏறிவிடும். அப்பாவின் மூட்டு வலி மாத்திரை டப்பாவிலிருந்து நீங்களே எடுத்துப் போடுகிறவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

என் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: அசதியோபிரின், மெர்காப்டோபியூரின் கூடவே கூடாது. தம்பிக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். இதே மருந்துகளை ரத்தப் புற்றுநோய்க்கும் சிறுநீரக மாற்றுக்கும் கொடுக்கிறார்கள், அவனுக்கு என்றைக்காவது தேவைப்படலாம். "எனக்கு எதுக்குண்ணே, வயிறு நல்லாத்தானே இருக்கு" என்று இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

மோஷனில் உங்கள் எண்

கேல்ப்ரோடெக்டின் என்பது வெள்ளையணுவுக்குள் இருக்கிற ஒரு புரதம். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளையணுக்கள் அங்கே குவிந்து, மோஷனில் இந்தப் புரதம் கூடும். பெரும்பாலான லேபில் 50-க்குக் கீழே நார்மல். நோய் அடங்கி நன்றாக இருக்கிறவருக்கு 150-க்குக் கீழே இருந்தால் உள்ளே பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது கொலைட்டிஸுக்கு அமெரிக்க கேஸ்ட்ரோ சங்கம் 2023-ல் சொன்ன கணக்கு. 250-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பொது எண்ணைவிட உங்கள் எண் முக்கியம். நீங்கள் நன்றாக இருக்கும்போது, கேமராவில் புண் ஆறியிருக்கிறது என்று உறுதியான பிறகு, ஒரு டெஸ்ட் எடுத்து அந்த எண்ணை முதல் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு அது 60-70. அதனால் 210 என்று வந்தபோது, வயிறு ஒன்றும் செய்யாமல் இருந்தும், டாக்டர் மூன்று வாரத்தில் மறுபடி எடுக்கச் சொன்னார், 480 வந்தது, ரத்தம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே மருந்தைக் கூட்டிவிட்டார். நன்றாக இருக்கும்போதே 180 காட்டுகிற ஒரு நண்பரும் இருக்கிறார். அவருக்கு 210 ஒரு செய்தியே இல்லை.

இப்படி எண்ணைப் பார்த்து மருந்தை ஏற்றுவது கிரோன்ஸில் பலன் தருகிறது என்பதை 2017-ல் வந்த காம் என்ற ஆய்வு காட்டியது. 244 பேர். பாதிப் பேருக்கு அறிகுறியை வைத்தே மருந்தைக் கூட்டினார்கள், மீதிப் பேருக்கு அதோடு கேல்ப்ரோடெக்டினும் ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சிப் புரதமும் பார்த்துக் கூட்டினார்கள். 48 வாரம் கழித்துக் கேமரா விட்டபோது எண்ணைப் பார்த்த கூட்டத்தில் 46 சதவீதத்தினருக்குப் புண் ஆறியிருந்தது, மற்றதில் 30. மருந்து இரண்டு பக்கமும் அதேதான், ஏற்றுகிற நேரம்தான் வேறு.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு லேபும் வேறு வேறு கிட் வைத்திருக்கிறது, அதனால் எப்போதும் ஒரே லேப். காலை முதல் மோஷன். கொலோனோஸ்கோப்பிக்கு வயிறு கழுவுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். புரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போட்டிருந்தால் எண் பொய்யாக ஏறும், கடைச் சாப்பாட்டில் வருகிற சாதாரண வயிற்றுப்போக்கிலும் ஏறும். டப்பாவை டாய்லெட் கிண்ணத்துக்கு நேரே பிடித்துக் குறி பார்க்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை: கிண்ணத்தின் மேல் பழைய செய்தித்தாளை அகலமாக விரித்துவிட்டால் முடிந்தது வேலை.

சிஆர்பி பற்றி ஒரு வரி. சிலருக்கு எவ்வளவு அழற்சி இருந்தாலும் அது ஏறவே ஏறாது, கொலைட்டிஸில் இது அதிகம். உங்களுக்கு மோசமாக இருந்த காலத்து ரிப்போர்ட்டைத் திருப்பிப் பாருங்கள். அப்போதே 3, 4 என்றுதான் இருந்தது என்றால் இனிமேல் அதன் நார்மலை நம்பாதீர்கள்.

ஊசியா, மாத்திரையா, எது உங்களுக்கு?

ஒரு வருடத்தில் இரண்டாவது முறை ஸ்டீராய்டு தேவைப்படுகிறது, அல்லது என்னைப் போல நிறுத்த முடியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஸ்டீராய்டு தீயணைப்பு வண்டி மாதிரி, அதை வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது.

இங்கே கடைத்தெருவே இருக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப், 1998-ல் அமெரிக்காவில் கிரோன்ஸுக்கு அனுமதி வாங்கியது, டிரிப்ஸில் ஏற்றுவது. அடலிமுமாப், தொடையிலோ வயிற்றிலோ நாமே போட்டுக்கொள்வது. இந்தியாவில் 2014 முதல் இதன் பயோசிமிலர் (அசலைப் போலவே வேறு கம்பெனி செய்கிற மலிவு மருந்து) கிடைக்கிறது, அது வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்கிற தைரியமே வந்தது. வெடோலிசுமாப், பெரும்பாலும் குடலோடு நின்றுவிடுகிற மருந்து. உஸ்டெகினுமாப், வேறொரு வகை ஊசி. அப்புறம் டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் என்ற மாத்திரைகள்.

இதில் யாருக்கு எது என்று முன்கூட்டியே சொல்கிற ரத்த டெஸ்ட் இன்னும் கைக்கு வரவில்லை. வந்துவிட்டது என்று நம்பிய ஒரு காலம் உண்டு. பிரிட்டனில் புரொஃபைல் என்று ஒரு பெரிய ஆய்வு, புதிதாகக் கிரோன்ஸ் வந்த 386 பேர், ரத்தத்தில் ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்து இவருக்கு நோய் கடுமையாகப் போகும், இவருக்குப் போகாது என்று பிரித்து அதற்கேற்ப மருந்து கொடுத்தால் பலன் கூடுமா என்று பார்த்தார்கள். முடிவு 2024-ல் வந்தது. அந்த டெஸ்ட் உதவவே இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே இன்ஃப்ளிக்சிமாபும் இன்னொரு எதிர்ப்புக் குறைப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் 79 சதவீதம் பேர் ஒரு வருடம் ஸ்டீராய்டும் ஆபரேஷனும் இல்லாமல் அடங்கி இருந்தார்கள். படிப்படியாக ஏற்றியவர்களில் 15 சதவீதம்தான். எனவே கிரோன்ஸ் இப்போதுதான் வந்திருக்கிறது என்றால், "முதலில் சின்ன மருந்து, கேட்காவிட்டால் பெரியது" என்கிற பேச்சை மறுபடி யோசிக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. பணம் ஒரு தடை, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடலில் ஓரடி வெட்டி எடுக்கிற செலவையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள்.

டெஸ்ட் இல்லாவிட்டாலும் உங்களைப் பற்றிய சாதாரண விஷயங்களே பாதியை முடிவு செய்யும். ஆசனவாய்ப் பக்கம் பவுத்திரம் இருக்கிறதா, இன்ஃப்ளிக்சிமாபுக்கு அங்கே நல்ல பெயர். மூட்டு வலியும் சேர்ந்து இருக்கிறதா, உடம்பு முழுக்கப் போகிற மருந்து தேவைப்படலாம், குடலோடு நிற்கிற வெடோலிசுமாப் மூட்டுக்கு அவ்வளவாக உதவாது. அறுபதைத் தாண்டியவரா, முன்பு காசநோய் வந்தவரா, அப்போது அதே வெடோலிசுமாப் நிம்மதி. கொலைட்டிஸில் வெடோலிசுமாபையும் அடலிமுமாபையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2019-ல் வந்தது, 52 வாரத்தில் அடங்கியவர்கள் வெடோலிசுமாபில் 31 சதவீதம், அடலிமுமாபில் 22.5. டோஃபாசிட்டினிப் இந்தியாவில் ஜெனரிக்காகக் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால் மனசு அங்கேதான் ஓடும். ஆனால் புகைக்கிறவர், இதய நோய் இருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், ரத்தக்கட்டு வந்தவர் எல்லோரும் ஜாக்கிரதையாகப் பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அக்கி வருகிற வாய்ப்பும் கூடும். குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண் டோஃபாசிட்டினிப்பைத் தவிர்க்க வேண்டும், மெத்தோட்ரெக்சேட் என்ற எதிர்ப்புக் குறைப்பு மருந்தையும் பல மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிஎன்எஃப் ஊசிகளைக் கர்ப்பத்தில் பெரும்பாலும் தொடரலாம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து எல்லாவற்றையும் தாமாகவே நிறுத்திவிடுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து. ஆண்களுக்கும் ஒன்று: சல்ஃபாசலசின் என்ற பழைய கொலைட்டிஸ் மாத்திரை சாப்பிடும்போது விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் திரும்பிவிடும். திருமணமாகி இரண்டு வருடம் டாக்டர் டாக்டராக அலைந்துவிட்டு, கடைசியில் இந்த மாத்திரைதான் காரணம் என்று தெரிந்துகொண்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

எதைத் தொடங்கினாலும் அதற்கு முன் மார்பு எக்ஸ்ரே, டிபி கோல்டு (மறைந்திருக்கிற காசநோய்க்கான ரத்த டெஸ்ட்), ஹெபடைட்டிஸ் பி மூன்றும் பார்க்க வேண்டும். தடுப்பூசிகளையும் அப்போதே முடித்துவிடுங்கள், மருந்து தொடங்கியபின் உயிருள்ள தடுப்பூசி எதையும் போட முடியாது.

ஊசி வேலை செய்யவில்லை என்றால் உடனே மாற்றாதீர்கள்

அடலிமுமாப் எனக்கு ஏழு மாதம் நன்றாக வேலை செய்தது, அப்புறம் பத்தாவது நாளே வயிறு சொல்லத் தொடங்கிவிட்டது, அடுத்த ஊசி பதினாலாவது நாள். மருந்து மாற்றலாம் என்றார்கள். இங்கேதான் மருந்தளவு டெஸ்ட் வருகிறது. அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன் ரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மருந்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறதா என்று பார்ப்பது. நோய் அடங்காமல் இருப்பவருக்கு ஒரு மில்லிலிட்டரில் இன்ஃப்ளிக்சிமாப் 5 மைக்ரோகிராமாவது, அடலிமுமாப் 7.5-ஆவது இருக்க வேண்டும் என்பது பொதுவான குறி.

மருந்து குறைவு, எதிர்ப்பொருள் இல்லை என்றால் உடம்பு மருந்தை வேகமாகச் செலவழிக்கிறது, அளவைக் கூட்டினால் போதும். மருந்து குறைவு, எதிர்ப்பொருள் மலை போல இருக்கிறது என்றால் அதே குடும்பத்தில் வேறு ஊசிக்குப் போகலாம். மருந்து தாராளமாக இருக்கிறது, ஆனாலும் புண் ஆறவில்லை என்றால் அந்தக் குடும்பமே உங்களுக்கு ஒத்துவரவில்லை, வேறு வகைக்குத் தாவ வேண்டும். எனக்கு 3.1, எதிர்ப்பொருள் இல்லை. வாரா வாரம் என்று மாற்றினார்கள், அடங்கிவிட்டது. டெஸ்ட் இல்லாமல் மாற்றியிருந்தால் நல்ல மருந்து ஒன்றை வீணாக எரித்திருப்பேன், கையிலிருப்பதே நாலைந்துதான்.

அதற்கு முன் ஒரு சின்ன விசாரணை: மருந்து கெட்டுப்போகாமல்தான் வந்து சேர்ந்ததா? 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய ஊசி இது. கரண்ட் போய் நாலு மணிநேரமானால் வீட்டு பிரிட்ஜ் என்ன டிகிரி இருக்கும்? ஒரு சின்ன தெர்மாமீட்டரை உள்ளே போட்டு வையுங்கள். பிரீசர் பக்கம் ஒட்டி வைத்து உறைந்துபோன ஊசியையும் போடக்கூடாது. போடுவதற்கு அரைமணி முன் எடுத்து மேசை மேல் வைத்தால் எரிச்சல் குறையும்.

சாப்பாடு

எல்லா சொந்தக்காரர்களும் நிபுணர்களாக இருக்கிற துறை. காரம் சாப்பிட்டதால் வந்தது என்பார் பெரியம்மா. காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணை அது உண்டாக்கவில்லை. உண்மையில் ஆளுக்கேற்றபடி மாறுவது இவைதான்: குடல் சுருங்கியிருக்கிறதா (அப்படியென்றால் வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, பலாச்சுளை எல்லாம் அங்கே போய் அடைக்கும், சுருக்கம் இல்லாதவர் அடங்கிய காலத்தில் இவற்றைப் பயந்து ஒதுக்கத் தேவையில்லை), பால் ஒத்துக்கொள்கிறதா, சிறுகுடல் முடிவை வெட்டி எடுத்திருக்கிறார்களா (பி12 ஊசி வாழ்நாள் முழுக்க). இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டோம், எத்தனை தடவை மோஷன் போனோம், ரத்தம் உண்டா என்று எழுதிவிட்டு, ஒரே ஒரு பொருளை மட்டும் நிறுத்திப் பாருங்கள். எனக்குப் பால் ஆகாது, மோர் ஆகும், இட்லி எந்த நிலைமையிலும் ஆகும். கிரோன்ஸ் வந்த குழந்தை என்றால் ஆறு முதல் எட்டு வாரம் வெறும் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுக்கிற முறை ஸ்டீராய்டுக்குச் சமமாக வேலை செய்கிறது, வளர்ச்சியும் கெடாது. கண்டிப்பாகக் கேளுங்கள், பிள்ளை அழும், ஆனால் கேளுங்கள்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். 2015-ல் வந்த சின்ன ஆய்வு ஒன்றில், 50 பேர், மெசலமைனோடு தினம் 3 கிராம் குர்குமின் (மஞ்சளின் சாரம்) சேர்த்தபோது லேசான, நடுத்தரமான கொலைட்டிஸ் பலருக்கு அடங்கியது. அது குழம்பில் போடுகிற மஞ்சள்தூளில் வராது. மெசலமைனை நிறுத்திவிட்டுச் செய்ததும் இல்லை.

ஆன்லைனில் விற்கிற குடல் பாக்டீரியா டெஸ்ட், ஐபிடி ஜீன் பேனல் இரண்டுக்கும் என் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ரிசல்ட்டை வைத்து எந்த டாக்டரும் மருந்தை மாற்ற மாட்டார். அந்தப் பணத்தில் நாலு கேல்ப்ரோடெக்டின் எடுக்கலாம்.

திடீரென்று கூடினால்

வீட்டில் மிச்சமிருக்கிற ஸ்டீராய்டைத் தேடாதீர்கள். முதலில் மோஷனில் கிருமி, குறிப்பாக சி. டிஃப் என்ற பாக்டீரியா, பார்க்க வேண்டும். நோய் கூடின மாதிரியே அதுவும் இருக்கும், வைத்தியம் வேறு. ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ நாடித்துடிப்பு 90-க்கு மேலோ இருந்தால் அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் 1955-ல் வகுத்த அளவுகோல் இது, இன்னும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

முதல் பக்கத்தை போட்டோ எடுத்து போனிலும் வையுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள். அதன் கடைசி வரி எனக்கு: எட்டாம் வருடக் கொலோனோஸ்கோப்பி. கொலைட்டிஸ் மலக்குடலைத் தாண்டியிருந்தால் அறிகுறி தொடங்கி எட்டு வருடத்தில் புற்றுநோய்க்காக ஒரு முறை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், எவ்வளவு நன்றாக இருந்தாலும். அடுத்தது எப்போது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும், வருடா வருடமும் இருக்கலாம், ஐந்து வருடம் கழித்தும் இருக்கலாம். எனக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். கேமராவுக்குப் பயமில்லை, முந்தின நாள் குடிக்கச் சொல்கிற அந்த உப்புத் தண்ணீரை நினைத்தால்தான் இப்போதே குமட்டுகிறது. போன தடவை எலுமிச்சை பிழிந்து, பிரிட்ஜில் வைத்து, ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன், கொஞ்சம் பரவாயில்லை.